ரெண்டு மாமன், ஒரு காது

என் வீட்டுக்காரர் சசிதரன் நல்ல போட்டோக்காரர். பழனிசெட்டிபட்டியில் எங்கள் ஸ்டுடியோவைத் தாண்டித் தேனிக்குப் போய்ப் படம் எடுத்தவர்கள்கூட அடுத்த விசேஷத்துக்கு எங்களிடம்தான் வந்து நிற்பார்கள். ஆனால் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த ஃபோல்டருக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னால் மனிதர் கெட்டார். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம் என்று உலகத்தில் எல்லோரும் வைக்கிற மாதிரி வைக்கவே மாட்டார். அன்றைக்கு அவர் மனதில் எது பதிந்ததோ அதுதான் பெயர். 'வடை_ஆறிப்போச்சு'. 'மாப்ளைக்கு_மீசை_இல்ல'. 'மைக்செட்காரன்_சண்டை'. ஏன் இப்படி என்று கேட்டால், "எல்லாக் கல்யாணத்துலயும் மூஞ்சி ஒண்ணுபோலத்தான் இருக்கு உமா. சாப்பாடுதான் வேற வேற" என்பார்.

நான் உமாதேவி. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. ஒரு முகூர்த்த மாதத்தில் வைரஸ் வந்து பாதி ஆல்பத்தை விழுங்கிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் மெஷினில் ஓடுவது லினக்ஸ்தான். அதில் ஒரு கறுப்புத் திரை உண்டு. வேண்டியதை எழுத்தாக அடித்தால் எழுத்தாகவே பதில் சொல்லும். என் வீட்டுக்காரர் அந்தத் திரையைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்பார். எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

அந்தப் புதன்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்க வந்தபோது யுவராணி படியில் உட்கார்ந்திருந்தாள். எங்களிடம் ஆல்பம் டிசைன் செய்கிற பெண். சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவள். அன்றைக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அக்கா, இன்னைக்கு ஒரே ஒரு போட்டோவத் தேடிக் குடுத்துருங்க. கிடைக்கலைன்னா எனக்குப் பாண்டீஸ்வரன் இல்லக்கா" என்றாள்.

பாண்டீஸ்வரனை எனக்கு நன்றாகத் தெரியும். பொட்டிப்புரத்துப் பையன். தோட்டத்து மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். யுவராணி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாதம் தவறாமல் வந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். இத்தனை எடுத்தும் அவனிடம் பாஸ்போர்ட் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்து, யாரும் அரிவாளைத் தூக்காமல், பேச்சு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. குறுக்கே விழுந்தவர் யுவராணியின் பெரியப்பா சுருளியாண்டி. அவள் அப்பா அண்ணன் பேச்சை மீறாதவர். பெரியப்பா தலையாட்டினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

அவள் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவே வந்துவிட்டார். சின்னமனூரில் வாழை போடுகிறவர். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை, அதற்குள் ஒரு கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஏதோ ஒன்று. பின்னாலேயே பெரியம்மா மொக்கம்மாள். எதிர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் பாண்டீஸ்வரனும் அவன் அப்பா சுருளிவேலும் உட்கார்ந்திருப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு.

"ஏத்தா உமா, நீயே ஞாயத்தச் சொல்லு" என்று பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க குலசாமி கோயில்ல அந்தச் சுருளிவேலு பொங்க வச்சத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்திருக்கேன். ஒரே குலசாமின்னா பங்காளி. பங்காளி மகன்னா இவளுக்கு அண்ணன் முறை. அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டி வச்சா ஊரு சிரிக்காதா?"

"அவுக என்ன சொல்றாக பெரியப்பா?"

"அது அவுக ஆத்தா பொறந்த வழிச் சாமியாம். அதனால எனக்கு மச்சான் முறையாம். எங்கய்யாவே அவர மாமனா உக்கார வச்சுத்தான் எம் மகனுக்குக் காது குத்துனாராம். நடந்துச்சுன்னா நான் இப்பவே தலையாட்டுறேன். பங்காளி மடியில வச்சுக் காது குத்துற வழக்கம் எங்கயும் கிடையாது. எங்கய்யா முறை தவறி ஒரு காரியம் செய்யமாட்டாரு. ஆனா நடக்கலையே! இந்தா பாரு."

மஞ்சப்பையிலிருந்து ஆல்பம் வெளியே வந்தது. எங்கள் ஸ்டுடியோ முத்திரை போட்ட ஆல்பம்தான். பதினாலு வருஷத்துக்கு முந்தியது. நடுப் பக்கத்தில் பெரிய படம். மொக்கம்மாளின் உடன்பிறந்த தம்பி வீரபாண்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் மொட்டைத் தலையோடு பையன். ஆசாரி காதருகே கையை வைத்திருக்கிறார். பையனோ வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"காது குத்தும்போது சிரிச்ச பய நம்ம பக்கத்துல எவனாச்சும் உண்டா? எம் மகன் சிரிச்சான். இத நான் சொல்லாத ஆள் கிடையாது" என்று படத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

மொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி வந்த பஸ்சு குமுளி மலையில மரம் விழுந்து நின்னு போச்சு. நல்ல நேரம் தப்பிரும்னு எங்க மாமனாருதான் சுருளிவேலு அண்ணன உக்கார வச்சாக. தம்பி வேற வண்டி பிடிச்சுப் பெறகுதான் வந்தான். மாமன் மடி தனக்கு இல்லாமப் போச்சேன்னு கோவிச்சுக்குவான்னு, மறுக்கா ஒருதரம் உக்கார வச்சுப் போட்டோ எடுத்தாக. நீங்க அங்கன இருந்தாத்தான தெரியும்? பைக்க எடுத்துக்கிட்டுப் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்துட்டு, எல்லாம் முடிஞ்ச பெறகுதான் வந்து சேந்தீக."

"நீ கண்ணால பாத்தியா?"

"ஊசியக் கண்டதும் கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்பச் சாட்சி செல்லாது" என்று முடித்துவிட்டார் பெரியப்பா. "இந்தா பாரு உமா, ஒங்க வீட்டுக்காரர்தான் அன்னைக்குப் படம் எடுத்தாரு. அப்படி ஒரு படம் இருந்தாக் காட்டு. உச்சி நேரம் வரைக்கும் இருக்கேன். இல்லைன்னா எதுத்த கடைக்கு நானே போயி, பேச்ச இத்தோட விட்ருவோம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கலாம். இவர் முறைக்குப் பயந்தவர், தன் அப்பா பெயருக்குப் பயந்தவர். யுவராணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

ஆல்பத்துக்குப் போகாத படங்களும் எங்கள் மெஷினில் கிடக்கும். ஒன்றையும் அழிக்கக் கூடாது என்பது என் சட்டம். எல்லாப் பழைய டிஸ்க்குகளையும் 'பழசு' என்ற இடத்துக்குக் கீழே இணைத்து வைத்திருக்கிறேன். தேதி வைத்துத் தேட வழியில்லை. டிஸ்க் மாற்றி டிஸ்க் காப்பி செய்ததில் எல்லாப் படத்துக்கும் காப்பி செய்த தேதியே விழுந்து கிடக்கிறது. பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். எந்த மகராசன் வைத்த பெயர் என்பதுதான் தெரியுமே.

கறுப்புத் திரையைத் திறந்து, பெயரில் 'காது' என்று வருகிற ஃபோல்டர் எல்லாம் வேண்டும் என்று அடித்தேன். எதைத் தேடினாலும் விடையைத் திரையில் ஓடவிடாமல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வாங்கி வைப்பது என் பழக்கம். வரியின் கடைசியில் வலது பக்கம் பார்க்கிற ஓர் அம்புக்குறி, அதற்குப் பின் ஃபைலின் பெயர். அவ்வளவுதான். கிடைத்ததெல்லாம் போய் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆற அமரப் படிக்கலாம், வேண்டியவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம்.

ஃபைலைத் திறந்தேன். வெற்றாக இருந்தது. எத்தனையோ காதுகுத்து எடுத்தவர், ஒன்றுக்குக்கூடக் காது என்று பெயர் வைக்கவில்லை.

சரி, மொத்தத்தையும் எடுத்துவிடுவோம் என்று அடுத்த வரியை அடித்தேன்.

find /பழசு -type d > பட்டியல்.txt

எங்களிடம் உள்ள அத்தனை ஃபோல்டர் பெயரும் ஒரே ஃபைலில். அதை அப்படியே என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் வைகை அணைப் பூங்காவில் ஒரு ஜோடியை நிற்க வைத்துக் கல்யாணத்துக்கு முந்திய படம் எடுத்துக்கொண்டிருந்தார். "ஏங்க, சின்னமனூர் சுருளியாண்டி வீட்டுக் காதுகுத்து. நீங்க வச்ச பேர நீங்களே கண்டுபிடிங்க" என்று போனில் சொன்னேன். "அன்னைக்கு என்ன சாப்பாடுன்னு கேட்டுச் சொல்லு" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் படித்துச் சொல்லும்வரை சும்மா இருப்பானேன் என்று ஃபைலைப் பெரிய எழுத்தாக்கித் திரையில் விரித்துவிட்டேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"'சாம்பாருக்கு_உப்பு_ரெண்டுதரம்'."

"இது எந் தங்கச்சி மக கல்யாணம்!" என்று மொக்கம்மாள் குதித்தே விட்டார். "அன்னைக்கு நாலு சொம்புத் தண்ணி குடிச்சேன்."

"'தாலி_கட்டும்போது_கரண்ட்_போச்சு'. 'பொண்ணு_தும்முச்சு'. 'பந்தியில_மாடு'. ஏலே, பந்தியில மாடா?" பெரியப்பாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அழுது வந்த யுவராணிகூட என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். முடிவு தெரியாத காரியத்துக்கு நடுவில் நாங்கள் நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். எதிர்க் கடையில் சுருளிவேலும் மகனும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். உள்ளே தங்கள் தலையெழுத்து வாசிக்கப்படுகிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

"'பாயசம்_நல்லாருந்துச்சு'" என்று பெரியப்பா அடுத்ததை வாசித்தார். "ஒன்னாச்சும் நல்லதா எழுதிருக்காரே, யாரு கல்யாணம்த்தா இது?"

எங்கள் கல்யாணம். என்னைக் கட்டிய நாளில் அந்த மனிதர் மனதில் பதிந்தது பாயசம். மாலை வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பட்டியல் முடிந்தது. காதுகுத்து எதுவும் அகப்படவில்லை. போன் அடித்தது.

"உமா, மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு தரம் பாத்துட்டேன். நான் அன்னைக்கு வச்ச பேரு இதுல இல்ல."

"என்ன பேரு வச்சீங்க?"

"அது தெரியல. பாத்தா ஞாபகம் வந்துரும். வரலைன்னா இல்லைன்னுதான அர்த்தம். எடம் பத்தலைன்னு நானே ஒருவேள அழிச்சிருப்பேன் போல."

அழிச்சிருப்பேன் போல என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். யுவராணி கை என் தோளிலிருந்து நழுவியது. சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். ஆல்பத்தை மஞ்சப்பைக்குள் திணித்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"எனக்கு மட்டும் ஆசையாத்தா ஒன்னைய அழ வைக்க?" என்று யுவராணியிடம் சொன்னார். "இல்லாத முறைய நான் எங்கிட்டுப் போயிக் கொண்டாருவேன்? நான் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்."

அவர் கதவில் கை வைத்துவிட்டார். யுவராணி அவரைப் பார்க்க மாட்டாமல் திரை பக்கம் திரும்பி, விரித்து வைத்த பட்டியலை மூடினாள். அடியில் கறுப்புத் திரை அப்படியே கிடந்தது.

"அக்கா, இது என்னக்கா?"

நான் அடித்த இரண்டு கட்டளைக்கும் கீழே, ஒன்றுபோல இரண்டு வரி. டிஸ்க்2 என்ற பெயர், அதற்குப் பக்கத்தில் 'பெர்மிஷன் டினைடு'.

"பெரியப்பா, ஒரு அடி எடுத்து வைக்காதீக!" என்று கத்திவிட்டேன். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

அம்புக்குறி போட்டால், கிடைத்த பெயர்கள்தான் ஃபைலுக்குள் போகும். 'இந்தக் கதவு பூட்டியிருக்கிறது, என்னால் உள்ளே போக முடியவில்லை' என்று அது முறையிடுவது ஃபைலுக்குள் போகாது. திரையிலேயே நிற்கும். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி இரண்டு முறையும் ஃபைலை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தேடலிலேயே அது சொல்லியிருக்கிறது. டிஸ்க்2 பழைய மெஷினில் என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. புது மெஷினுக்கு வந்தும் அவர் பெயரிலேயே பூட்டிக் கிடந்திருக்கிறது. கட்டின பெண்டாட்டிக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை.

நிலத்துக்குப் பட்டா மாற்றுகிற மாதிரி அந்த டிஸ்க் முழுவதையும் என் பெயருக்கு மாற்ற ஒரு வரி அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாம் தடவை திறந்துகொண்டது. அந்த டிஸ்க்கை மட்டும் மறுபடியும் தேடச் சொன்னேன். இந்த முறை அம்பு ஒன்றல்ல, இரண்டு. ஒற்றை அம்பு போட்டால் ஃபைலில் இருந்த பழசை அழித்துவிட்டுப் புதுசை எழுதும். இரட்டை அம்பு பழசை வைத்துக்கொண்டு அதற்கடியில் புதுசைச் சேர்க்கும். பட்டியலைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த பெயர்களில் மேலிருந்து மூன்றாவது.

'ரெண்டு_மாமன்_ஒரு_காது'.

பெரியப்பா பையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் படத்தைத் திறந்தேன். பந்தல். கூட்டம். நடுவில் மீசை கறுத்த சுருளிவேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் பையன். வாயைத் திறந்து அழுகிற அழுகையில் உள்நாக்குத் தெரிகிறது. ஆசாரியின் ஊசி காதில் இருக்கிறது. சுருளிவேலுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், எழுந்துவிடாதே என்று சொல்வது மாதிரி அவர் தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

"எங்கய்யா" என்றார் பெரியப்பா.

"பெருசாக்கு" என்றார். பெருசாக்கினேன். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஐயா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் வைத்த முறைக்கு அவரே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார் என்றுதான் எனக்கும் பட்டது.

அடுத்த படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. வழிப் புழுதியோடு வீரபாண்டி வந்து இறங்குகிறார். ஐயா அவர் காதில் சமாதானமாக ஏதோ சொல்கிறார். பையன் கையில் சேமியா ஐஸ். பிறகு வீரபாண்டி மடியில் பையன். ஐஸ் ருசியில் வாயெல்லாம் பல். ஆல்பத்தில் இருக்கிற அதே படம்.

பெரியப்பா அதைப் பார்த்தார். திரும்பி முதல் படத்தைப் போடச் சொன்னார். மறுபடியும் அதைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"பய அழுதிருக்கான்யா!" என்று அலறினார். "ஐஸுக்குச் சிரிச்சதப் பாத்துட்டு, காது குத்துனதுக்குச் சிரிச்சான்னு இத்தன வருசமா தேனி சில்லாப் பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே! போன வாரங்கூட பேங்க் மேனேசர்ட்டச் சொன்னேன்!"

"அழுதான்னு நான் அன்னையிலேர்ந்து சொல்றேன்" என்றார் மொக்கம்மாள். "நான் கண்ணத்தான மூடுனேன். காத மூடலையே."

யுவராணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பெரியப்பா அவள் தலையில் கையை வைத்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். நான் மேசை மேல் இருந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டின் நடுவில் போய் நின்றார். ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நேற்றுவரை அந்த ஆளை 'தம்பி சுருளிவேலு' என்று பங்காளி முறையில் தவிர வேறு எப்படியும் அவர் கூப்பிட்டதில்லை.

"மச்சான்!"

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓய் மச்சான்! அங்கன என்னத்துக்கு வெறும் டீயக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக? மருமகனக் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க. பொண்ணு இங்கனதான் இருக்கு!"

சுருளிவேல் எழுந்தார். நடக்க மறந்து நின்றார். பாண்டீஸ்வரன் கையிலிருந்த டீ முழுக்க அவன் சட்டையில். இந்தப் பக்கம் ஸ்டுடியோ வாசலில் யுவராணி, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் அவன் சட்டையைக் காட்டிச் சிரிக்கிறாள். நான் எடுத்துத் தள்ளினேன். ஃபோகஸ் பார்க்கவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஃபோல்டருக்குப் பெயர் கேட்டது. யுவராணி, பாண்டீஸ்வரன், தேதி, கல்யாணப் பேச்சு என்று என் முறைப்படி ஒழுங்காக அடிக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, அடித்ததையெல்லாம் அழித்தேன்.

'மச்சான்னு_கூப்பிட்டாக' என்று வைத்தேன்.